மலையில் தைத்த புயல்பாய்

தார்ப்பாய் தைப்பவர்களைச் சோதிப்பது மழை ஒன்றுதான். மனிதர்கள் எவரும் எங்கள் வேலையை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஊசியையும் நூலையும் நம்பிப் பிழைக்கும் என் இனத்தவர்கள் இதைப் படித்தால், ஒப்புக்கொண்டு தலையாட்டுவார்கள் என்று நம்புகிறேன். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகு, என் கணவர் விட்டுச்சென்ற தார்ப்பாய்ப் பட்டறையை ஏற்காட்டில் நடத்திவருகிறேன். காப்பி உலர்த்தும் களத்துக்கு விரிப்பு, ஜீப்புக்கு மேல்மூடி, விடுதிகளுக்குக் கூடாரம் ஆகியவை எங்கள் சரக்கு. கடலோடு எங்களுக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை, கோகிலா வரும்வரை.

நான்கு மூட்டைகள்

தை மாதத்தின் கடைசி வாரம், காலை பத்து மணி. பனி இன்னும் சன்னலை விட்டு விலகவில்லை. சேலத்திலிருந்து வந்த ஜீப் ஒன்று பட்டறை வாசலில் நின்றது. முப்பத்தொன்பது வயதுப் பெண் ஒருவர் தனி ஆளாக நான்கு நீண்ட மூட்டைகளை இறக்கி, வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்த எண்ணைச் சரிபார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொன்னார். அந்த வரிசையிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கோகிலா சேலத்துக்காரர். சரக்குக் கப்பல்களில் பொறியாளராகப் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்து, சேமித்த பணத்தில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிக் கொச்சியில் நிறுத்தியிருந்தார். அதில் தனியாக சீஷெல்ஸ் தீவுகளுக்குப் போவது அவர் திட்டம். மாசி முடிவதற்குள் கிளம்பினால்தான் காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து தள்ளும்; தாமதித்தால் காற்று செத்துவிடும். கொச்சியில் பாய் பழுதுபார்ப்பவரிடம் இரண்டு மாத வேலை காத்திருந்தது. எங்களிடம் கூடாரம் தைக்க வாங்கிய ஜிக்ஜாக் மெஷின் இருப்பதை யாரோ சொல்லி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்திருந்தார்.

"எங்களுக்குப் படகுப் பாய் தைத்துப் பழக்கமில்லை" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வியாபாரத்தில் நான் பொய் சொல்வதில்லை. சொன்னால் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் பட்டறையில் துணி வெட்டும் முருகேசன், மஞ்சக்குட்டைக்காரர், மூட்டையைப் பிரித்து வெள்ளைத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். கடலைப் பற்றி அவருக்கு எந்த அச்சமும் இல்லை.

"ஜீப்புக்கு மூடி தச்சா அது காத்துல பறக்கக் கூடாதுங்க. இது காத்துல பறக்கோணும். அவ்ளோதானுங்களே வித்தியாசம்?"

களத்தில் விரித்த பாய்

பெரிய பாயை விரித்துப் பார்க்கப் பட்டறைத் தரை போதவில்லை. பக்கத்து எஸ்டேட்டின் சிமெண்டுக் களம்தான் அதற்கு ஏற்ற இடம். ஆனால் அது அறுவடைக் காலம்; களம் முழுவதும் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் களத்தைத் தன் கண்ணைப் போலக் காப்பவர். நான் போய்க் கேட்டபோது, ஞாயிறு காலை எட்டிலிருந்து பதினொன்று வரை கிழக்குப் பாதியை ஒழித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

கோகிலா அன்று ஏழரைக்கே வந்து, விளக்குமாற்றை வாங்கித் தானே பெருக்கினார். பிறகு ஈரத்துணியால் துடைத்தார். ஒரு சிறு கல் கிடந்தாலும் பாய் தேயும் என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலிட்டு, பாயின் ஒவ்வொரு சாணாகத் தடவிக்கொண்டே போய், சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டமிட்டார். பனியில் தரை ஐஸாக இருந்தது. மூன்று மணி நேரத்தில் நாற்பத்தொரு வட்டங்கள். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே பாயை மடித்துக் களத்தை ஒப்படைத்தார். வாக்குக் கொடுத்த நேரத்துக்கு முன்பே இடத்தைக் காலி செய்த வாடிக்கையாளரை நீங்கள் யாராவது பார்த்திருந்தால் எனக்குத் தெரிவியுங்கள்.

அதுவரை வேலியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த ரைட்டர் என்னிடம் வந்து சொன்னார்:

"ஏனுங்க டீச்சர், அந்தம்மாவ சீசன் முடியறமுட்டும் இங்கயே இருக்கச் சொல்லுங்க. நம்ம ஆளுங்க பத்துப் பேரு பெருக்குனாலும் களம் இப்படி இருந்ததில்லைங்க."

செவந்தியின் விரல்

என் தையற்காரி செவந்தி தலைச்சோலையிலிருந்து வருகிறார். ஐம்பது வயது. முதலில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். பதினெட்டு ஆண்டுகளாக என்னிடம் ஊசி பிடிக்கிறார். கோகிலா பென்சிலால் வட்டமிட்ட நாற்பத்தொரு இடங்களையும் செவந்தி பார்வையிட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, துணியை இரு கட்டைவிரல்களுக்கிடையே நகர்த்திக்கொண்டே போனார். பழுத்தது எது, பழுக்காதது எது என்று இலைமறைவில் தொட்டே அறிந்த விரல்கள் அவை. இன்னும் ஆறு இடங்களில் நின்றார். "இங்க நூலு செத்துப்போச்சுங்க" என்றார். கோகிலா ஊசிமுனையால் லேசாக நெம்பினார். ஆறு இடத்திலும் தையல் பொட்டுப்பொட்டென்று தெறித்தது.

கோகிலா எழுந்து நின்று செவந்திக்குக் கை கொடுத்தார். செவந்திக்குக் கை கொடுத்துப் பழக்கமில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதுவரை அடக்கிவைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டார். தனியாகவா போகிறீர்கள் என்றார். ஆமாம் என்றார் கோகிலா. எத்தனை நாள் என்றார். இருபது நாள் ஆகலாம் என்றார் கோகிலா. செவந்தி பிடித்த கையை விடாமல் சொன்னார்:

"இருவது நாளு ஒத்தையா இருந்தா வாய் நாறிப்போயிருமுங்க. பேச்சுத் தொணைக்கு ஒரு கோழியாச்சும் கொண்டுட்டுப் போங்க. முட்டையும் ஆச்சு."

ஜீப் தேர்வு

அந்தப் படகில் என்னென்ன ஏற்ற வேண்டும் என்பதற்குக் கோகிலா ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் முதல் வரி உணவும் அல்ல, தண்ணீரும் அல்ல, ஒரு பட்டை. ஒரு முனை அவர் மார்பைச் சுற்றிக் கட்டும் பாதுகாப்பு வாரில் மாட்டியிருக்கும், மறுமுனை படகில். அலை அடித்து அவர் விழுந்தால் படகு அவரை விட்டுப் போகாமல் அந்தப் பட்டைதான் பிடித்துவைக்க வேண்டும். படகில் வேறு ஆள் இல்லாததால், கூப்பிட்டால் திரும்பி வர யாரும் கிடையாது. இதை அவர் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

பட்டையின் இரு முனைகளையும் செவந்தி தைத்தார். தைத்ததை எப்படிச் சோதிப்பது? எனக்குத் தெரிந்த சோதனை, காப்பி மூட்டைகளைக் கட்டித் தொங்கவிடுவது. முருகேசன் அதை ஏற்கவில்லை. பட்டையின் ஒரு முனையைப் பட்டறைக்குப் பின்னாலுள்ள சில்வர் ஓக் மரத்தில் கட்டி, மறுமுனையைத் தன் ஜீப்பில் மாட்டினார். சரிவில் நின்ற ஜீப்பின் பிரேக்கை விடுவித்தார். ஜீப் ஒரு முழம் உருண்டு, வெடுக்கென்று நின்றது. கீழே வாழைத்தோட்டம், பட்டை அறுந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு விதமாக இருந்திருக்கும். நான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். தையல் ஒரு நூலிழைகூட நகரவில்லை. முருகேசன் ஜீப்பின் கதவில் சாய்ந்துகொண்டு கோகிலாவைப் பார்த்துச் சொன்னார்:

"பயப்படாதீங்க சாமி. ஒண்ணரை டன்னப் புடிச்சு நிறுத்துனது உங்கள வுட்டுருமா?"

பிரிக்கப்படாத நூல்கண்டு

கடைசியாகத் தைத்தது மிகச் சிறிய பாய். செந்நிறம். பெருங்காற்றில் மற்ற எல்லாப் பாய்களையும் இறக்கிவிட்டு இதை மட்டும் ஏற்றுவார்களாம். அப்போதுதான் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழாமல் இருக்குமாம். கோகிலா அதைப் புயல்பாய் என்றார். அதன் மூன்று மூலைகளிலும் ஏழு அடுக்குத் துணி, மெஷினில் ஏறாது. செவந்தி நான்கு நாட்கள் கையால் தைத்தார். கோகிலா பாலியஸ்டர் நூல் தந்திருந்தார். "வெள்ளை நூல் மட்டும்" என்று நான் கரும்பலகையில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். தைத்து முடித்ததும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒரு விரற்கடைக்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பார்த்துப் பாராட்டவும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கோகிலா நான்கு மூட்டைகளையும் எடுத்துக்கொண்டு கொச்சிக்குப் போனார். அடுத்த சனிக்கிழமை புறப்பாடு.

செவ்வாய்க்கிழமை, மீந்த நூலைக் கணக்கெடுத்து அவருக்குத் திருப்பி அனுப்ப உட்கார்ந்தேன். அவர் தந்த கண்டுகளில் ஒன்று உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. எங்கள் மெழுகு பூசிய பருத்தி நூலும் வெள்ளைதான்; அதில் புதுக்கண்டு ஒன்று தீர்ந்திருந்தது. குப்பைக்கூடையைக் கவிழ்த்து, செந்நிறத் துணித்துணுக்குகளோடு கிடந்த நூல்முனை ஒன்றை எடுத்துத் தீக்குச்சியில் காட்டினேன். பாலியஸ்டர் என்றால் உருகி மணியாகத் திரளும். இது காகிதம்போல் எரிந்து சாம்பலாயிற்று.

செவந்தியைக் கூப்பிட்டேன். அவர் மறைக்கவில்லை, மறைக்க ஏதும் இருப்பதாக அவர் நினைக்கவுமில்லை. பருத்தி நூல் நனைந்தால் உப்பி, ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு இறங்காது. எங்கள் தொழிலின் முதல் பாடம் அதுதான். சேர்வராயன் மலையில் புயல் என்றால் மூன்று நாள் மழை. காற்றைக் கீழே கடற்கரையிலேயே உதறிவிட்டுத்தான் அது இங்கே ஏறி வரும். ஆனால் கோகிலாவின் பாய்க்குத் தண்ணீர் ஒழுகினால் என்ன, ஒழுகாவிட்டால் என்ன? காற்றின் முழு இழுப்பும் அந்த மூன்று மூலைகளில்தான் விழும். அந்த இழுப்புக்குப் பருத்தி போதாது. உப்பும் வெயிலும் பட்டால் இற்றும் போகும். இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், கண்ணாடியில் நான் எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிர நூலைப் பார்க்கவில்லை.

செவந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"புயலுக்குப் போடற பாய்னு சொன்னாங்க. அவுங்க நூல்ல ஊசி ஓட்டை அப்படியே நிக்குதுங்க டீச்சர். நல்ல மழைல ஒழுகிப்போச்சுன்னா பாவம்னு நம்ம நூலப் போட்டேனுங்க."

தொலைபேசி

முருகேசன் ஒரு யோசனை சொன்னார். நூல் புதிது, இருபது நாளில் இற்றுவிடாது, புயல் வந்தால்தானே அந்தப் பாய், வராமலே போகலாம், சொல்லி ஏன் அந்தப் பெண்ணைக் கலங்கடிக்க வேண்டும் என்றார். அவர் கெட்டவர் அல்லர். அந்த யோசனை எனக்குச் சரியாகப்பட்ட அரை நிமிடம் ஒன்று இருந்தது என்பதை எழுதிவைக்கிறேன். வேலையில் பிழை கண்டு, அதை வாடிக்கையாளர் கண்டுபிடிக்க மாட்டார் என்றும் தெரிந்து, தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நிச்சயம் நான் ஒருத்தி மட்டும் அல்ல.

அழைத்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்: எந்த நூல், எந்தெந்த மூலை, எப்போது கண்டேன், நான் எதைப் பார்க்கத் தவறினேன். செவந்தியின் பெயரை எடுக்கவில்லை, மேற்பார்வை என்னுடையது. நாளையே புறப்பட்டு வருகிறோம், அங்கேயே பிரித்துத் தைக்கிறோம், சனிக்கிழமைக்குள் முடியும் என்றேன். முடியுமா என்று அவர் கேட்கவில்லை. திட்டவும் இல்லை, திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

"டீச்சர், படகுல இருக்கற ஒவ்வொரு ஆணியையும் நான் ரெண்டு தடவை பார்த்தேங்க. உங்க மூட்டைய மட்டும் ஒரு தடவைகூடப் பிரிச்சுப் பாக்கலைங்க."

கொச்சியில் இரண்டு பகல்

புதன்கிழமை நானும் செவந்தியும் முதல் பஸ்ஸில் மலையிறங்கி, சேலத்தில் ரயில் ஏறினோம். பாலியஸ்டர் கண்டைச் செவந்தி வழி முழுவதும் மடியிலேயே வைத்திருந்தார். வியாழன் காலை படகுத்துறையில் ஒரு மரப்பலகைமேல் புயல்பாயை விரித்து, பிரிக்கத் தொடங்கினோம். பிரிப்பது எளிதாக இல்லை. செவந்தியின் தையல் அத்தனை இறுக்கம். கத்திமுனை நூலுக்கடியில் நுழையவே மறுத்தது. பழைய துளைகளிலேயே புது நூலைக் கொண்டுபோக வேண்டும். புதிதாகத் துளையிட்டால் துணி பலம் இழக்கும். செவந்தி ஒரு துளையைக்கூடத் தவறவிடவில்லை. இம்முறை நான் ஒவ்வொரு இழையின் முனையையும் நெருப்பில் காட்டிவிட்டே ஊசியில் கோக்கத் தந்தேன்.

எங்களுக்கு எதிரே கோகிலா படகில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். அப்படி ஓர் ஒழுங்கை நான் பள்ளிக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை. தகர டப்பாக்களின் காகிதத்தை எல்லாம் உரித்தெறிந்துவிட்டு, மூடியின்மேல் அழியாத மையால் உள்ளே இருப்பதை எழுதினார். காகிதம் ஈரத்தில் கழன்று, தண்ணீரை இறைத்து வெளியேற்றும் குழாயை அடைத்துவிடுமாம். முட்டைகளுக்குத் தேதி போட்டு, கெடாமலிருக்க நாள்தோறும் ஒரு புரட்டு. குடிநீரை ஒரே தொட்டியில் நம்பாமல் பதினாறு கேன்களில் பிரித்து வைத்தார். ஒன்று கெட்டாலும் மற்றவை இருக்கும். அவரவர் பாதுகாப்பை இவ்வளவு பொறுமையாகச் செய்துகொள்வதற்குப் பெயர்தான் துணிச்சல் என்று அன்று எனக்குத் தோன்றியது.

வெள்ளி மதியம், மழைநீர் பிடிக்கும் கான்வாஸ் விரிப்பைக் கட்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார் கோகிலா. வேறெங்கோ தைத்த விரிப்பு. தையல்வழியே பாதித் தண்ணீர் ஒழுகிப்போயிற்று. செவந்தி எழுந்து போய் அதை அவிழ்த்து வந்தார். தன் பையிலிருந்து எங்கள் மெழுகு நூலை எடுத்து, இரண்டு மணி நேரம் தைத்தார். "ஊத்துங்க" என்றார். நனைந்து சில நிமிடங்களில் ஒரு சொட்டும் கீழே விழவில்லை. கோகிலா விரிப்பின் அடியில் கையை நீட்டி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செவந்தி என் பக்கம் திரும்பினார். முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்த நான், விடையை மட்டும் கரும்பலகையில் எழுதி வழிமுறையை எழுதாமல் விட்டிருந்தேன். அதை அவர் தன் பாஷையில் சொன்னார்:

"இதுக்கு மழ, அதுக்குக் காத்துன்னு மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஏனுங்க டீச்சர் தச்சதையே ரெண்டு நாளா பிரிச்சுட்டு உக்காந்திருக்கறேன்?"

பத்தொன்பது நாட்கள்

சனிக்கிழமை காலை கோகிலா புறப்பட்டார். இம்முறை புயல்பாய் மூட்டையைப் பிரித்து, மூன்று மூலைகளையும் காலால் மிதித்துக் கையால் இழுத்துப் பார்த்த பிறகே ஏற்றினார். அதுதான் முறை; நான் மனதுக்குள் மதிப்பெண் போட்டேன்.

அதன்பின் அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. நடுக்கடலில் தொலைபேசி எடுக்காது என்று முன்பே சொல்லியிருந்தார். செவந்தி தினமும் காலையில் பட்டறைக்குள் நுழையும்போது என் முகத்தைப் பார்ப்பார், நான் இல்லை என்று தலையசைப்பேன், அவர் மெஷினில் உட்காருவார். கூடாரங்களும் ஜீப் மூடிகளும் தைத்தோம். முருகேசன்கூட ஜோக் அடிக்கவில்லை. இருபதாம் நாள் மதியம் அழைப்பு வந்தது. சீஷெல்ஸ் துறைமுகத்தில் நிற்பதாகச் சொன்னார் கோகிலா. பன்னிரண்டாம் நாள் நடுப்பகலில் காற்று திடீரென்று எழும்பி, மற்ற பாய்களை இறக்க வேண்டியதாயிற்றாம். செந்நிறப் பாய் ஒன்றோடு பொழுது சாயும்வரை நின்றாராம். நான் தொலைபேசியைச் செவந்தியிடம் கொடுத்தேன். நூல் நின்றதா என்று அவர் கேட்கவில்லை. வீடு போய்ச் சேர்ந்தவரிடம் கேட்பதுபோல, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டார். கோகிலாவின் பதில் எனக்கும் கேட்டது:

"சாப்பிட்டேனுங்க அக்கா. காத்து அடங்குனதும் மூணு மூலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உங்க வெரலு மாதிரி எனக்கு வராது, ஆனா ஒரு தையல்கூட அசையலைங்க."

யார், எவ்வளவு, எப்போது

கோகிலா பில்லின் முழுத் தொகையையும் புறப்படுவதற்கு முந்தைய மாலையே என் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டார். புயல்பாய்க்கு உரிய இரண்டாயிரத்து நானூறு ரூபாயை நான் திங்கட்கிழமை திருப்பி அனுப்பினேன். பிழைக்குக் கூலி வாங்கும் வழக்கம் பட்டறையில் இல்லை. பஸ், ரயில் கட்டணமும் செவந்தியின் நான்கு நாள் சம்பளமும் என் கையிலிருந்து, அந்த வாரச் சனிக்கிழமையே. பங்குனி பிறந்த பிறகு அதே இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கோகிலாவிடமிருந்து மறுபடியும் வந்தது, செவந்தியின் கணக்குக்கு, மழைநீர் விரிப்புத் தைத்ததற்கு என்ற குறிப்போடு. அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை.

அலட்சியமாகத் தைத்ததை அரை மணியில் பிரித்துவிடலாம், நல்லெண்ணத்தோடு தைத்ததைப் பிரிக்க இரண்டு பகலும் ஒரு ரயில் பயணமும் தேவைப்படுகின்றன என்பதே இத்தொழிலில் நான் கண்ட கணக்கு.